கேரனைச் சமாதானப்படுத்திய வருஷம்

போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தபோது ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில், ஆங்கிலத் துறையில், எனக்குப் பிறகு சேர்ந்த பெண். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"மேடம், பேச்சுப் பயிற்சிக்குன்னு புதுசா ஒரு மொபைல் கேம் வாங்கியிருக்காங்க. பசங்க எல்லாரும் அதுல நூத்துக்கு நூறு வாங்கறாங்க. கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சா ஒருத்தரும் வாயே திறக்கறதில்ல. உங்க காலத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சாமே, எப்படி மேடம் சமாளிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "மார்க்கைப் பாக்காதே. யார் அதிக மார்க் வாங்கியிருக்காளோ அவ பக்கத்துல போய் உக்காரு. போன்ல என்ன பேசறான்னு உன் காதால கேளு" என்றேன். அதற்கு மேல் போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அடுப்பைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். கீழ்வீடு மதுரை, மேல்வீடு நாகர்கோவில், எதிர்வீடு கோயம்புத்தூர், நாங்கள் திருநெல்வேலி. தண்ணீர் வராத நாளில் குழாயடியில் நாலு ஊர்த் தமிழும் கட்டிப் புரளும். மெட்ராஸ் தமிழ் மட்டும் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தது. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தேன், கல்யாணம் ஆயிற்று, திருவேற்காட்டில் ஃபிளாட் வாங்கினோம், வேலப்பன்சாவடிப் பக்கம் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் டேப் ரிக்கார்டர் வந்தது. அப்புறம் காதில் மாட்டுகிற ஹெட்போன், அப்புறம் கம்ப்யூட்டர். ஒவ்வொன்று வரும்போதும், இனிமேல் மாணவர்கள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கப் போகிறார்கள் என்று ஒரு விழா எடுப்பார்கள். விழாவில் நாங்கள் பேசுவோம், மாணவர்கள் கைதட்டுவார்கள். விழா முடிந்த பிறகும் நாங்கள்தான் பேசுவோம்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் சபாபதி. எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எந்தக் கூட்டமானாலும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டே ரெண்டு பாயிண்ட்" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் பாயிண்டிலேயே பெல் அடித்துவிடும், அல்லது பஸ் கிளம்பிவிடும், அல்லது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவருடைய இரண்டாவது பாயிண்டைக் கேட்டவர் ஒருவரும் கிடையாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே துறையில் விவாதமாக இருந்தது. வாயைத் திறந்தால் ஆங்கிலம், தப்பித் தவறித் தமிழ் பேசினால் ரேடியோ செய்தித் தமிழ். சொந்த ஊர் எது என்று ஒருமுறை கேட்டேன். "முதல் பாயிண்ட், நான் ஒரு இந்தியன்" என்றார். அதோடு பெல் அடித்துவிட்டது.

நான் ஓய்வு பெற வேண்டிய வருஷம்தான் அந்தக் கேம் வந்தது. மொபைலில் ஒரு ஹோட்டல். நாம் அதன் வரவேற்பு மேசைப் பணியாளர். வெளிநாட்டு விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து, வெந்நீர் வரவில்லை, தலையணை சரியில்லை என்று ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார்கள். மைக் படத்தை அழுத்திவிட்டு நாம் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். நாம் சொன்னது அதன் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் திரையில் எழுத்தாக வரும். பதில் திருப்தியாக இருந்தால் விருந்தாளியின் முகம் சிவப்பிலிருந்து பச்சையாகும். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லாரையும் விடக் கொடுமைக்காரி கேரன் என்ற வெள்ளைக்காரம்மா. பறவைக்கூடு மாதிரி கொண்டை, மேசையில் மணி இருந்தால் அதை உடைக்கிற மாதிரி அடிப்பாள். அவளைத் தாண்டினால்தான் பச்சை பேட்ஜ். பச்சை பேட்ஜ் இருந்தால்தான் வேலைக்கான இண்டர்வியூவில் உட்கார முடியும். இது நிர்வாகத்தின் உத்தரவு.

தொடக்க விழாவில் சபாபதி சாரே விளையாடிக் காட்டினார். மைக்கை அழுத்தி, கம்பீரமாக, "மை எஸ்டீம்டு கெஸ்ட்" என்று ஆரம்பித்தார். 'எஸ்டீம்டு' என்றால் மரியாதைக்குரிய. திரையிலோ 'ஸ்டீம்டு கெஸ்ட்' என்று வந்தது. வேகவைத்த விருந்தாளி! கேரன் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். "நெட்வொர்க் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டு சார் போனைப் பையில் போட்டுக்கொண்டார். இட்லி மாதிரி வேகவைத்துவிட்டாரே என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, பெஞ்ச் பெஞ்சாகச் சிரிப்பு பரவியது.

வகுப்பறையில் இந்த விளையாட்டை நடத்தவே முடியவில்லை. அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசினால், இவன் மன்னிப்பு கேட்பது அவன் போனில் விழுகிறது. எனவே ஆளுக்கொரு மூலையாகப் போகச் சொன்னேன். வேப்பமரத்தடி, பைக் ஸ்டாண்ட், கேன்டீன் பின்புறம் என்று எங்கே திரும்பினாலும் ஒருவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஸாரி மேடம், ப்ளீஸ் மேடம், டோன்ட் கோ மேடம்" என்று கெஞ்சுவான். வாட்ச்மேன் என்னிடம் ஓடி வந்தார். "இன்னா மேடம் இது, ஒரே நாள்ல எல்லாப் பசங்களுக்கும் லவ்வு புட்டுகிச்சா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். கேன்டீன் அருகே நின்ற ஒருவனுக்கு மாஸ்டர் போட்ட "ரெண்டு பூரி" என்ற சத்தமே 'ஸாரி' என்று விழுந்து மார்க் கிடைத்தது. அதற்குப் பிறகு கேன்டீனில் இடம் பிடிக்க அடிதடி.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் தேன்மொழி வருகிறாள்.

பெயர்தான் தேன்மொழி. வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தலையைக் குனிவாள், உட்கார்ந்துவிடுவாள். கரையான்சாவடிக்காரி. அப்பா திருவேற்காட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் வேன் ஓட்டுபவர். நானே அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஏறுகிறவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு இஞ்சினியரு. அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனிக்குப் போவப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் கம்பெனி நிஜம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுத் தீர்த்துவைக்கும் நிறுவனம். வருஷா வருஷம் எங்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும். தேன்மொழிக்கு அந்த ஒரு வேலைதான் வேண்டும். அப்பா வேனில் ஏறிய சனமெல்லாம், வேலை கிடைத்துவிட்டதா என்று அடுத்த தடவை ஏறும்போது கேட்குமே, அந்தப் பயம் வேறு.

அப்படிப்பட்ட பெண்தான் கேமில் முதலிடம். கேரனை ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் பச்சையாக்கியிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது. வகுப்பில் வாய் திறக்காதவள் போனில் வெள்ளைக்காரியை மடக்குகிறாள் என்றால் நம்புகிற ஆளா நான்? பைக் ஸ்டாண்டில் அவளும் அவள் சிநேகிதி பர்வீனும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பூனை மாதிரி போய், ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

கேரன் கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் காத்திருப்பது, மேசைக்கு ஆள் வருமா வராதா என்று. தேன்மொழி மைக்கை அழுத்தி, நிதானமாகச் சொன்னாள்:

"கம்னு கீறேன்."

திரையில் ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது: 'கமிங், கேரன்.' இதோ வந்துகொண்டிருக்கிறேன், கேரன்! கேரனின் முகம் பச்சையாயிற்று. "தேங்க் யூ, டியர்" என்றாள்.

நான் வண்டிக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் ஒன்று கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் பேயைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றார்கள்.

"இன்னாடி இது?" என்றேன். திருநெல்வேலி வாயில் அந்த 'இன்னா' எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"மேடம், வேணும்னு பண்ல மேடம்" என்றாள் தேன்மொழி. "அன்னிக்கு இது கத்திகினே இருந்துச்சா, ஏன்டி பேசாத கீறன்னு பர்வீன் கேட்டா. நான் கம்னு கீறேன், நீ உன் வேலயப் பாருன்னேன். மைக்கு ஆன்ல கீதுன்னு தெரில. அது பச்சையாய்ட்ச்சு மேடம்."

"அப்பால வரேன்கிறத சொல்லுடி" என்று பர்வீன் எடுத்துக் கொடுத்தாள்.

வாரன் என்று ஒரு கிழவர், பழத்தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பாராம். "அப்பால வரேன்" என்றால் 'ஆப்பிள், வாரன்' என்று கேமின் காதில் விழும். கிழவருக்கு ஏக சந்தோஷம். கூடத்தில் யார் சத்தம் போடுவது என்று ஒரு சீமாட்டி கேட்டால், "சோக்கா கீது" என்றால் போதும், 'சாக்கர் கிட்', கால்பந்துப் பையன் என்று அவளே புரிந்துகொள்வாள். "சும்மா" என்றால் சம்மர், கோடைக்காலம். வகுப்பு முழுவதும் இதைக் கண்டுபிடிக்கும் வேலையில் இரவு பகலாக இறங்கியிருக்கிறது. ஆவடிக் குடியிருப்பிலிருந்து வரும் மதுரை, கோவைப் பிள்ளைகள் தேன்மொழியிடம் மெட்ராஸ் தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார்களாம். கோவைப் பையன் ஒருவனுக்கு மட்டும் எப்படி முயன்றாலும், "கம்முனு இருக்கேனுங்க" என்றே வருகிறது, கேரன் எழுந்து போய்விடுகிறாள் என்று பர்வீன் வருத்தப்பட்டாள்.

சிரித்து முடித்ததும் வாத்தியாரம்மாவின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். "ஒழுங்கா இங்கிலீஷ்ல பேசி விளையாடுங்க" என்றேன்.

"பேசினேன் மேடம். அதுக்கு கேக்க மாட்டேங்குது" என்றாள் தேன்மொழி. என் முன்னாலேயே மைக்கை அழுத்தி, "ஐ யாம் கமிங், மேடம்" என்றாள். சுத்தமான ஆங்கிலம். திரையில் ஏதோ யானையைப் பற்றி வந்தது. கேரன் சிவந்தாள். போனைப் பிடுங்கி நானும் சொல்லிப் பார்த்தேன். எம்.ஏ. ஆங்கிலம், இத்தனை வருஷப் பாடம், எல்லாவற்றையும் சேர்த்து உச்சரித்தேன். கேரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நிஜ ஆங்கிலம் பேசினால் தோல்வி, கரையான்சாவடித் தமிழ் பேசினால் பச்சை பேட்ஜ் என்றால், நான் எந்த முகத்தோடு இந்தப் பெண்ணைக் குறை சொல்வது?

ஆனாலும் சபாபதி சாரிடம் போய்ச் சொல்லத்தான் போனேன். "சார், அந்தக் கேம்ல..." என்றேன். அவர் இரண்டு விரலைத் தூக்கினார். "ரெண்டே ரெண்டு பாயிண்ட். முதல் பாயிண்ட், கேம் மகத்தான வெற்றி. நம் முதலிட மாணவி தேன்மொழி, அந்த அம்பத்தூர் கம்பெனி வரும் நாளில் மேடையில் நேரடியாக விளையாடிக் காட்டப் போகிறாள்." இரண்டாவது பாயிண்டுக்குள் காலேஜ் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னபோது தேன்மொழி அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "மாட்டிகினா பேட்ஜைப் புடுங்கிடுவாங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. மேடையில் பெரிய திரை. முன்வரிசையில் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்த அம்மா. கொல்கத்தாக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கேம் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞன் லேப்டாப்போடு வந்திருந்தான். அவன் மைக்கைப் பிடித்து ஒரு நற்செய்தி சொன்னான். அன்று காலைதான் கேமின் புதிய பதிப்பைப் போட்டிருக்கிறானாம். அதற்கு இப்போது தமிழும் தெரியுமாம்! யாராவது தமிழில் பேசினால் கண்டுபிடித்துத் தமிழ் எழுத்திலேயே காட்டுமாம். பர்வீன் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கேரன் திரை முழுக்க வந்து மேசையை அடித்தாள். தேன்மொழி மைக்கை வாங்கி முதலில், "ஐ யாம் கமிங்" என்றாள். பழைய யானையே வந்தது. கேரன் சிவந்தாள். தேன்மொழிக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"கம்னு கீறேன்."

கேம் யோசித்தது. தமிழ் தெரியும்தான், புத்தகத் தமிழ். திரையில் பெரிய பெரிய எழுத்தில் வந்தது: 'கம்பு, கீரை.'

கேரன் சுத்தத் தமிழில், "மன்னிக்கவும், நான் கீரை கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சபாபதி சார் மட்டும் சிரிக்கவில்லை. தேன்மொழி மைக்கைப் பிடித்தபடி மரமாக நின்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மேடைக்குப் போய் அழைத்து வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

அதற்குள் கொல்கத்தா அம்மா கையைத் தூக்கினார். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறீர்கள், அந்தப் பெண் என்ன சொன்னாள், எனக்கும் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சபாபதி சார் எழுந்து விளக்க வாயைத் திறந்தார். அவருடைய ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது, வாய் திறந்தபடியே நின்றது. "நீங்கள் இல்லை, அவள் சொல்லட்டும்" என்றார் அந்த அம்மா.

தேன்மொழி மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கம்னு மீன்ஸ்... நோ டாக்கிங், மேடம்."

"சைலன்ஸ்?"

"நோ, நோ மேடம். சைலன்ஸ் இஸ் எம்ப்டி. கம்னு இஸ் நாட் எம்ப்டி." நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "அவுட்சைட் நோ டாக்கிங். இன்சைட் ஃபுல் டாக்கிங்."

சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிவிட்டது. கொல்கத்தா அம்மா முன்னால் சாய்ந்தார். எப்போது கம்னு இருப்பீர்கள் என்று கேட்டார். தேன்மொழி சொல்ல ஆரம்பித்தாள். அப்பா வேனில் சில்லறைக்காக ஒருவர் கத்தும்போது அப்பா எப்படி கம்னு இருப்பார், கத்தி முடித்ததும் எப்படிப் பேசுவார், அந்த ஆளே இறங்கும்போது எப்படி டாட்டா காட்டிவிட்டுப் போவார் என்று நடித்தே காட்டினாள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. வார்த்தை கிடைக்காத இடத்தில் கை பேசியது. ஆனால் நிற்கவே இல்லை. நடுவில் கேம் எதையோ கேட்டுக்கொண்டு, 'டாட்டா, வேன், கீரை' என்று எழுதித் தள்ளியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பெண் இவளா என்று நான் கன்னத்தில் கை வைத்தபடி நின்றேன். கண் கலங்கிவிட்டது.

நாளை இண்டர்வியூவுக்கு இவள் வருவாள் அல்லவா என்று அந்த அம்மா சாரைப் பார்த்துக் கேட்டார். சார் எங்கள் இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அறையில் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். பேட்ஜை ரத்து செய்யும் அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. இரண்டு விரலைத் தூக்கினார்.

"ரெண்டே ரெண்டு பாயிண்ட். முதல் பாயிண்ட், இது மோசடி. விதிப்படி பேட்ஜ் ரத்து."

தேன்மொழி தலையைக் குனிந்தாள். பெல் அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. பஸ் ஹாரனும் இல்லை. சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒரு விரலை மடக்கிக்கொண்டார். மற்றொன்று அப்படியே நின்றது. முதன்முறையாக அவர் இரண்டாவது பாயிண்டுக்கு வந்திருந்தார்.

"ரெண்டாவது பாயிண்ட்" என்றார். குரல் இறங்கி, முகத்தில் ஏதோ தளர்ந்தது. "நான் ஒண்ணியும் பாக்கல. கம்னு கீறேன்."

அந்தக் 'கீறேன்' அப்படி ஒரு கீறேன். அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடி என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்று அப்புறம்தான் எங்களிடம் ஒப்புக்கொண்டார். நாங்கள் வாயைப் பிளந்து நிற்கும்போதே அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து, இரண்டு பேனாவுக்கு நடுவிலிருந்து, ஒரு வெள்ளைக்காரம்மாவின் குரல் குழைந்து வந்தது:

"தேங்க் யூ, டியர்."

சார் போனில் இன்னும் பழைய பதிப்பு, பேனா இடித்து மைக்கும் ஆன் ஆகியிருக்கிறது! சார் அவசரமாகப் போனை எடுத்து அணைக்கப் பார்த்தார். அதற்குள் திரையில் வாண வேடிக்கை வெடித்து, 'வாழ்த்துகள், பச்சை பேட்ஜ்' என்று வந்துவிட்டது. விழா நடந்த நாளிலிருந்து வேகவைத்த விருந்தாளியிலேயே மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தினமும் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர். "கங்கிராட்ஸ் சார்" என்றாள் தேன்மொழி, மிகவும் மரியாதையாக.

மறுநாள் இண்டர்வியூவில் அவள் தேர்வானாள். அந்த வாரம் முழுவதும் திருவேற்காடு வேனில் ஏறியவர்களுக்கெல்லாம் அப்பா சாக்லேட் கொடுத்தார். எனக்கு இரண்டு கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் சபாபதி சார் எனக்காகப் பேச எழுந்து, ரெண்டே ரெண்டு பாயிண்ட் என்றார். முதல் பாயிண்டில் மின்சாரம் போய்விட்டது.

புதுப் பெண்ணுக்கு போனில் யோசனை சொன்ன அன்று சாயங்காலம் தேன்மொழியையும் கூப்பிட்டு விசாரித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இப்போது அவளுக்குக் கீழே சிலர் வேலை பார்க்கிறார்கள்.

"மேடம், உங்களாண்ட சொல்லணும்னே இருந்தேன். போன மாசம் மெய்யாலுமே ஒரு கேரன் லைன்ல வந்துச்சு. பேரே கேரன் மேடம்! நம்ம கேமு கேரன் ஒரு தூசு. இன்னா கத்து கத்துச்சு தெரியுமா? எங்க மேனேஜரே போனை வெச்சுட்டு ஓடிட்டாரு."

"ஐயோ, நீ என்னடி சொன்னே?"

"இன்னா சொல்றது? அது கத்தி முடிக்கிற வரிக்கும் கம்னு இருந்தேன் மேடம்" என்றாள் தேன்மொழி. "அப்பால பேசினேன்."